பூட்டிய கிணறும் திறந்த களஞ்சியமும்

ஊர்ப் பணத்தில் ஒரு கிணறு வெட்டுகிறார்கள். வெட்டியவர்களும் ஊர்க்காரர்களே. தண்ணீர் ஊறியதும் ஒருவர் வந்து மூடி போட்டுப் பூட்டி, குடத்துக்கு இவ்வளவு என்று விலை கேட்டால் நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா? ஆய்வுக் கட்டுரைகளின் உலகில் நெடுங்காலமாக ஏறத்தாழ இதுதான் நடந்து வருகிறது.

எப்படி என்று பார்ப்போம். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலான ஆய்வுகள் மக்களின் வரிப்பணத்தில் நடைபெறுகின்றன. ஆய்வாளர் தம் முடிவுகளைக் கட்டுரையாக்கி ஓர் ஆய்விதழுக்கு அனுப்புகிறார். அதற்குச் சன்மானம் இல்லை. அத்துறையில் வல்ல வேறு சிலர் அதைப் படித்துக் குறை நிறைகளைச் சொல்கிறார்கள். அவர்களுக்கும் பொதுவாக ஊதியம் இல்லை. கட்டுரை வெளியாகும்போது அதன் உரிமை பெரும்பாலும் வெளியீட்டு நிறுவனத்துக்குப் போய்விடுகிறது. பிறகு அதே பல்கலைக்கழகத்தின் நூலகம் பெருந்தொகை சந்தா கட்டி அந்த இதழை வாங்குகிறது! சந்தா கட்ட இயலாத கல்லூரியின் மாணவருக்கோ கதவு திறப்பதில்லை. எழுதியவருக்கும் இது இழப்பே. பலர் கண்ணில் படாத ஆய்வு பலருக்குப் பயன்படாது அல்லவா?

இந்நிலையை மாற்ற 2002-ல் புடாபெஸ்ட் நகரிலிருந்தும், 2003-ல் பெர்லின் நகரிலிருந்தும் அறிக்கைகள் வெளிவந்தன. ஆய்வுக் கட்டுரைகளை இணையத்தில் எவரும் கட்டணமின்றிப் படிக்க வழி வேண்டும் என்பதே அவற்றின் சாரம். இதற்குத் 'திறந்த அணுகல்' என்று பெயர். பல்கலைக்கழகங்கள் பலவும் இணையக் களஞ்சியங்களை அமைத்தன. ஆனால் அவற்றில் பல நிரம்பவில்லை. கட்டுரையைக் கொண்டுவந்து சேர்க்க ஆய்வாளர்களுக்கு நேரமில்லை. பலருக்கு அக்கறையும் இல்லை.

இந்தச் சிக்கலை அவிழ்த்துக் காட்டியது பெல்ஜியம் நாட்டின் லியேஜ் பல்கலைக்கழகம். 1817-ல் தோன்றிய இப்பல்கலைக்கழகத்துக்கு 2005 முதல் 2014 வரை தலைவராக இருந்தவர் பெர்னார் ரான்டியே என்னும் வைரஸ் ஆய்வாளர். கட்டுரைகளைக் களஞ்சியத்தில் சேர்ப்பது கட்டாயம் என்று அங்கே 2007-ல் முடிவாயிற்று. 'ஓர்பி' என்னும் களஞ்சியம் 2008 நவம்பரில் தொடங்கப்பட்டது.

கட்டாயம் என்று சொன்னால் மட்டும் போதுமா? சேர்க்காதவருக்கு அபராதம் ஏதும் விதிக்கவில்லை. ஒரே ஒரு விதிதான்: பதவி உயர்வு போன்றவற்றுக்கு ஒருவரை மதிப்பிடும்போது, ஓர்பியிலிருந்து எடுத்த பட்டியலே கணக்கில் கொள்ளப்படும். அதில் இல்லாத கட்டுரை, எழுதாத கட்டுரைக்குச் சமம்! களஞ்சியம் நிரம்பத் தொடங்கியது. இன்று அதில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன.

வெளியீட்டு நிறுவனம் தடுக்காதா என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் வழி வகுத்திருக்கிறார்கள். அச்சிட்ட பக்கங்களுக்குப் பதிலாக, இதழ் ஏற்றுக்கொண்ட இறுதிக் கைப்படியைச் சேர்க்கலாம். சில மாதங்கள் வெளியிடக் கூடாது என்று நிறுவனம் தடை விதித்திருந்தாலும் படி உடனே உள்ளே போய்விடும். திறப்பது மட்டும் பிறகு. அதுவரை தலைப்பும் சுருக்கமும் தெரியும். படிக்க விரும்புவோர் ஒரு பொத்தானை அழுத்தினால் வேண்டுகோள் ஆசிரியருக்குப் போகும்; அவர் விரும்பினால் ஒரு படியை அனுப்புவார். இணையத் தேடுபொறிகளும் இப்பதிவுகளைத் திரட்டிக்கொள்வதால், எங்கோ தேடுபவருக்கும் கட்டுரை அகப்படுகிறது.

2018-ல் பெல்ஜியத்தில் சட்டமும் துணைக்கு வந்தது. பாதிக்குக் குறையாமல் பொதுப் பணத்தில் நடந்த ஆய்வாக இருந்தால், அதன் கட்டுரையை அறிவியல் துறைகளில் 6 மாதத்துக்குப் பின்னும், மானிடவியல், சமூகவியல் போன்ற துறைகளில் 12 மாதத்துக்குப் பின்னும் ஆசிரியர் இலவசமாகத் திறந்து வைக்கலாம். உரிமையை எழுதிக் கொடுத்திருந்தாலும் இது செல்லும்.

இன்னொரு பாதையும் உண்டு. படிப்பவரிடம் வாங்காமல் எழுதுபவரிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு சில இதழ்கள் கட்டுரையைத் திறந்து விடுகின்றன. இது படிப்பவருக்கு நல்லதே; ஆனால் பணமில்லாத ஆய்வாளருக்கு இதுவும் ஒரு பூட்டுத்தான். களஞ்சியத்தில் சேர்ப்பதற்கோ அவர் காசு கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்த முறை ஒரு நல்ல ஆய்வுக் கட்டுரையின் தலைப்பு கிடைத்து, உள்ளே போகப் பணம் கேட்டால் மனம் தளர வேண்டாம். ஆசிரியரின் பல்கலைக்கழகக் களஞ்சியத்தைத் தேடிப் பாருங்கள். பூட்டிய கிணற்றின் தண்ணீர் அங்கே வாய்க்காலில் ஓடிக்கொண்டிருக்கக்கூடும்.