லினக்ஸா, ஃப்ரீபிஎஸ்டியா?

இரண்டும் இலவச இயங்குதளங்கள். இரண்டின் மூலநிரலும் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. பிறகு ஏன் இரண்டு?

வேறுபாடு பிறப்பிலேயே இருக்கிறது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ், இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் மட்டுமே. அதனுடன் க்னூ திட்டத்தின் கருவிகளையும் பிறவற்றையும் சேர்த்து டெபியன், ஃபெடோரா, உபுண்டு எனப் பல தொகுப்புகள் வந்தன. 1993இல் தொடங்கிய ஃப்ரீபிஎஸ்டி, பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வளர்ந்த யூனிக்ஸின் வாரிசு. அதில் கெர்னலையும் அடிப்படைக் கருவிகளையும் ஒரே திட்டம் சேர்த்தே உருவாக்குகிறது.

உரிமமும் வேறு. லினக்ஸ் கெர்னலை மாற்றி விநியோகிப்பவர், ஜிபிஎல் உரிமப்படி மாற்றிய நிரலையும் தர வேண்டும். பிஎஸ்டி உரிமத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. பிளேஸ்டேஷன் 4இன் இயங்குதளம் ஃப்ரீபிஎஸ்டியிலிருந்து உருவானது. ஆனால் அதில் செய்த மாற்றங்களை வெளியிடும் கடமை சோனிக்கு இல்லை.

எப்படித் தேர்வது? முதலில் உங்கள் கணினியின் வன்பொருளைப் பாருங்கள். வைஃபை, கிராஃபிக்ஸ் டிரைவர்கள் லினக்ஸுக்கே அதிகம். ஆகவே மடிக்கணினிக்கு லினக்ஸ் எளிது. பல தொகுப்புகளைப் பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். கோப்புகளைச் சேமிக்கும் சர்வர் அமைப்பவர்கள் ஃப்ரீபிஎஸ்டியையும் பரிசீலிக்கலாம்: சேமித்த தரவு சிதைந்தால் கண்டறியும் இசட்எஃப்எஸ் கோப்புமுறை அதனுடனேயே வருகிறது.

எதுவானாலும், பழைய கோப்புகளுக்கு நகல் எடுத்துவிட்டு நிறுவுங்கள்.