குடும்பத்தினரை அறிமுகம் செய்வது எப்படி?



"என் குடும்பம்" என்ற தலைப்பைக் கொடுத்தால் நம்மிடம் வரும் கட்டுரைகளில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "என் தந்தை கடின உழைப்பாளி. என் தாயார் அன்பானவர். என் பாட்டி பாசமானவர்." இதில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் இந்தத் தந்தையைப் பக்கத்து மேசை மாணவனும் எழுதியிருப்பான். பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும்.

இந்தக் குறையைத் தீர்க்க நெகிரி செம்பிலான் தோட்டக் குடும்பங்களையே எடுத்துக்காட்டாகப் பார்ப்போம்.

1. பண்பைச் சொல்லாமல் பழக்கத்தைச் சொல்லுங்கள்

இப்படி ஒரு பத்தியை எழுதிப் பாருங்கள்:

"என் அப்பாவைப் பெற்ற பாட்டி லாபு பக்கம் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். இப்போது சிரம்பானில் எங்களோடு இருக்கிறார். வேலையை விட்டு இருபது ஆண்டுகள் ஆகின்றன. இன்றும் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்துவிடுவார். வாசலில் நின்று முதலில் வானத்தைப் பார்ப்பார். மழை இருட்டாக இருந்தால், 'இன்னிக்கி வேல இல்ல' என்று முணுமுணுப்பார்."

'உழைப்பாளி' என்ற சொல் இதில் எங்கும் இல்லை. ஆனாலும் உழைப்பு தெரிகிறது. காரணம், இதற்குப் பின்னால் தோட்ட வாழ்க்கை இருக்கிறது. விடியலின் குளிர்ச்சியில்தான் ரப்பர் பால் நன்றாக ஓடும். மரம் நனைந்துவிட்டால் வெட்ட முடியாது. அன்றைய வருமானம் போயிற்று. வானத்தைப் பார்க்கும் பழக்கம் அப்படி வந்தது.

2. குணத்துக்குக் காரணம் தேடுங்கள்

ஒரு பாட்டி ஒரு பருக்கை சோற்றைக் கூட வீணாக்க விடமாட்டார். நாம் 'கஞ்சம்' என்று சிரிப்போம். கொஞ்சம் பின்னோக்கிப் போங்கள். 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களைச் சயாம் மரண இரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். பலர் திரும்பவில்லை. அப்படிக் கணவரை இழந்த ஒரு கொள்ளுப்பாட்டி, மரவள்ளிக்கிழங்கைக் கொடுத்துப் பிள்ளைகளை வளர்த்திருந்தால், அந்தச் சிக்கனம் அடுத்த இரு தலைமுறைக்கும் வரத்தானே செய்யும்? காரணம் தெரிந்ததும் 'கஞ்சம்' என்ற சொல் நம் வாயில் வராது.

3. முறைப்பெயரைச் சரியாகச் சொல்லுங்கள்

'அங்கிள்', 'ஆன்ட்டி' என்று எழுதாதீர்கள். தமிழில் அப்பாவின் அண்ணன் பெரியப்பா, தம்பி சித்தப்பா, அம்மாவின் அண்ணனும் தம்பியும் தாய்மாமன். ஒரே சொல்லில் அவர் எந்தப் பக்கத்து உறவு என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். மலாய்மொழியில் 'பாக் லோங்', 'பாக் சூ' என்னும் பெயர்கள் பிறந்த வரிசையைக் காட்டும். தாய் வழியா, தந்தை வழியா என்று பிரித்துச் சொல்லா. நெகிரி செம்பிலான் மலாய்க்காரரிடையே அடாட் பெர்பாத்தே வழக்கப்படி குலம் தாய்வழி வருகிறது. ஒவ்வொரு சமூகமும் உறவைத் தன் வழியில் கணக்கு வைக்கிறது.

தோட்டத்தில் இன்னொன்றும் உண்டு. தொடக்கத்தில் கங்காணிகள் தங்கள் ஊர்க்காரர்களையும் சொந்தக்காரர்களையும் அழைத்து வந்தார்கள். 1938இல் இந்திய அரசு இந்த ஆள் அனுப்புதலை நிறுத்தியது. ஆனால் லயத்தில் பக்கத்து வீட்டாரையும் முறை வைத்துக் கூப்பிடும் பழக்கம் நின்றுவிடவில்லை. ஆகவே "மூனாவது வீட்டு அத்தை" இரத்த உறவாக இல்லாவிட்டாலும் உங்கள் கட்டுரையில் இடம்பெறலாம்.

4. குறையையும் பக்குவமாக எழுதுங்கள்

எல்லாரும் நல்லவர் என்றால் யாரும் உயிருள்ளவராகத் தெரியமாட்டார். "அப்பா அதிகம் பேசமாட்டார், சட்டென்று கோபம் வரும். ஆனால் டியூசன் முடியும் வரை மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து காத்திருப்பார். நான் வந்ததும், 'சாப்டியா?' என்று மட்டும் கேட்பார்." இது போதும்.

சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது கவனம் வேண்டும். சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு. கண்டிப்பு வேறு, கொடுமை வேறு. உறுதி வேறு, பிடிவாதம் வேறு.

5. மொழியில் தவறும் இடம்

"என் அம்மா அன்பானவள். அவர் நன்றாகச் சமைப்பார்" என்று ஒரே பத்தியில் இரண்டு வகையாக எழுதுகிறார்கள். பெரியவர்களுக்கு முழுக்க 'அவர்', 'வந்தார்'. தங்கைக்கு 'அவள்', தம்பிக்கு 'அவன்'. வீட்டில் "பாட்டி சொல்லுச்சு" என்கிறோம். கட்டுரையின் நடையில் அது 'சொன்னார்' என்றே இருக்கட்டும். பாட்டியின் பேச்சை மேற்கோள் குறிக்குள் வைக்கும்போது மட்டும் பேச்சுவழக்கு வரலாம். அங்கே "வேலை இல்லை" என்று திருத்தினால் பாட்டி காணாமல் போய்விடுவார்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை

அப்பா, அம்மா, அண்ணன், தங்கை என்று வரிசை போட்டுக் கொடுக்காதீர்கள். பாட்டியிடம் வளரும் பிள்ளை உண்டு. அப்பா இல்லாத வீடு உண்டு. அந்தப் பிள்ளை வரிசையை நிரப்ப இல்லாத ஒருவரைக் கற்பனை செய்து எழுத நேரிடும். "உன் வீட்டில் உனக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரைச் சொல்" என்று கேட்டால் எல்லாப் பிள்ளைக்கும் சொல்ல ஆள் இருக்கும்.

கட்டுரை எழுதும் முன் மாணவர்கள் வீட்டில் மூன்று கேள்வி கேட்டு வரட்டும்: எந்தத் தோட்டத்தில் இருந்தீர்கள்? காலையில் எழுந்ததும் முதல் வேலை என்ன? அந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது?

மூன்றாவது கேள்விக்குப் பல வீடுகளில் செம்பனை என்றோ வீடமைப்புப் பகுதி என்றோ பதில் வரும். லயம் போய்விட்டது, அதை நினைவில் வைத்திருப்பவர் இன்னும் நம் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கிறார். மாணவர்களே, கட்டுரை நாளை எழுதலாம். கேள்வியை இன்றிரவே கேட்டுவிடுங்கள்.