மார்சேல்ஸ் துறைமுகத்தில் ஒரு கைதி

ஒரு தேசத்தில் குற்றஞ்சாட்டப்பட்டு மற்றொரு தேசத்தில் தஞ்சம் புகுந்தவனை, அத்தேசத்தார் உடன்படிக்கையின் நிபந்தனைகளுக்கிணங்க, குற்றத்தின் தன்மையை ஆராய்ந்து, அது ராஜீயக் குற்றமாயின் மறுத்து, அன்றேல் ஒப்படைப்பதே சர்வதேச சம்பிரதாயம். அச்சம்பிரதாயம் விபரீதமான சோதனைக்குள்ளானது 1910-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் தேதியன்று. லண்டனில் கைதாகி, விசாரணைக்காக 'மோரியா' என்னும் கப்பலில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட விநாயக தாமோதர சாவர்க்கர், அக்கப்பல் பிரான்சின் மார்சேல்ஸ் துறைமுகத்தில் நின்றபோது, பலகணி வழியே கடலிற் குதித்து நீந்திக் கரையேறினார். ஆயினும் பிரெஞ்சுக் காவலர் ஒருவர், அவரைக் கப்பற்பணியாள் என்றெண்ணிப் பிடித்து, மறுபடியும் கப்பலிலேயே சேர்ப்பித்துவிட்டார். முறையான விண்ணப்பமுமில்லை, நீதிபதியின் விசாரணையுமில்லை!

பிரான்ஸ் கைதியைத் திரும்பக் கேட்டது, பிரிட்டன் இசையவில்லை, விவகாரம் ஹேக் நகரின் நிரந்தர மத்தியஸ்த நீதிமன்றத்தை அடைந்தது. 1911 பிப்ரவரி 24-இல் வெளியான தீர்ப்போ விசித்திரமானது. கைதியை ஒப்படைத்த முறையில் ஒழுங்கீனம் உண்டென்று ஒப்புக்கொண்ட மத்தியஸ்தர்கள், வஞ்சகமோ பலாத்காரமோ இன்றிப் பிரெஞ்சு அதிகாரியின் கையாலேயே அது நேர்ந்தபடியால், அவரைத் திருப்பியனுப்பும் கடமை பிரிட்டனுக்கில்லை என்றனர். ராஜ்யங்களின் கௌரவத்தை நிறுத்துப் பார்த்த அத்துலாக்கோலில் கைதியின் உரிமைக்குத் தட்டே இருக்கவில்லை என்பது என் துணிபு. இந்தியாவின் 1962-ஆம் ஆண்டு ஒப்படைப்புச் சட்டமோ, அந்நிய அரசு கேட்ட மாத்திரத்தில் ஆளைத் தந்துவிடாமல், மாஜிஸ்திரேட்டின் விசாரணையை இடையில் வைத்திருக்கிறது.