பொருளறிவியல் பட்டமேற்படிப்பு

1943ஆம் ஆண்டு சனவரியில், அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் துறையில் நின்றிருந்த ‘ஸ்கெனெக்டடி’ என்னும் புதிய எண்ணெய்க் கப்பல், புயலோ மோதலோ இன்றி ஏறக்குறைய இரண்டாகப் பிளந்தது. குளிரில் எளிதில் முறியும் எஃகும், பற்றவைப்பில் நேர்ந்த குறையும் அதற்குக் காரணங்களாயின.

இத்தகைய கேடுகளை ஆராய ஒரு துறையறிவு போதாது. அணுக்களின் அமைப்பைப் பௌதிகமும், கலவையை இரசாயனமும், ஆக்கும் முறையைப் பொறியியலும் விளக்கும். இவற்றை ஒருங்கிணைப்பதே பொருளறிவியல். செல்வத்தை ஆராயும் பொருளியல் வேறு. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக் கழகம் 1950களில் இத்துறைக்கெனப் பட்டமேற்படிப்பைத் தொடங்கிற்று. இன்று உலோகம், பீங்கான், பிளாஸ்டிக் யாவும் இதில் அடங்கும்.

பௌதிகம் அல்லது இரசாயனம் பயின்ற பட்டதாரிகளையும் பல பல்கலைக் கழகங்கள் இதில் ஏற்கின்றன. பொறியியற் பட்டம் இல்லையென்று மாணவர் தயங்க வேண்டுவதில்லை. இதனை ஆசிரியர்கள் எடுத்துரைத்தல் நன்று.