அரசாங்க வேலைக்குக் கடனில் சீமெந்து கொடுக்கலாமா?

பசறையிலிருந்து லுணுகலை போகும் வீதியில் 13ஆம் கட்டையைத் தாண்டும்போது இன்றும் எனக்கு நெஞ்சு திக்கென்கிறது. 2021 மார்ச் 20ஆம் திகதி காலை, லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட தனியார் பஸ் அங்கேதான் பள்ளத்தில் விழுந்தது. பத்துப் பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். மலையிலிருந்து விழுந்த பாறை பாதையில் ஒரு பக்கத்தை மறித்துக் கிடந்த இடம் அது. ஆகவே வீதி வேலை வேண்டாமென்று இந்தப் பக்கத்தில் யாரும் சொல்லமாட்டார்கள். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் பதுளை மாவட்டம் பட்ட பாட்டுக்குப் பிறகு மதகு, அணைச்சுவர், பாடசாலைக் கட்டிடம் என்று செய்யவேண்டிய வேலை ஏராளம்.

வேலை வந்தால் நமது ஹார்ட்வெயார் கடைகளுக்கும் ஆள் வரும். ஆனால் கையில் காசோடு வருவது குறைவு.

பணம் வரும் வழியைப் பாருங்கள். செய்த வேலையை அளந்து, பொறியியலாளர் ஒப்பமிட்டு, பில் மேலே போகவேண்டும். அதிலும் ஒரு பங்கைப் பிடித்து வைத்து, குறை திருத்தும் காலம் முடிந்த பிறகே முழுதாக விடுவார்கள். பெரிய கொந்தராத்துக்காரருக்குக் கிடைத்து, அவர் சின்னவருக்குக் கொடுத்து, கடைசியில்தான் நமது கடன் கொப்பிக்கு வரும்.

நானும் ஒரு மதகு வேலைக்கு சீமெந்தும் கம்பியும் கொடுத்தவன்தான். "நானா, பில் பாஸானதும் முதல் காசு உங்களுக்குத்தான்" என்றார் அந்தத் தம்பி. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நாடு நிறுத்தியது. நாடெங்கும் வேலைகள் முடங்கின. தம்பி ஓடி ஒளியவில்லை. சந்தையில் கண்டால் ஸலாம் சொல்லித் தலையைக் குனிந்துகொள்வார். நான் ஏஜண்டுக்குக் கொடுத்த பின் திகதி செக் மட்டும் ஒரு நாளும் பொறுக்கவில்லை. 2021 ஆரம்பத்தில் ஆயிரம் ரூபா அளவில் இருந்த மூடை 2022இல் மூவாயிரத்தைத் தொட்டது. காசு வந்தபோது, கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்கைத்தான் அதைக்கொண்டு வாங்க முடிந்தது.

இப்போது நான் முதலில் கேட்பது வேலை கொடுத்த கடிதத்தை. அடுத்தது, பணம் யாருடையது? வெளிநாட்டுக் கடனா, திறைசேரியா, மாகாண சபையா? அந்த வருடத்துக்கு ஒதுக்கிய பணமென்றால் டிசம்பருக்குள் பில் போகவேண்டும். முற்பணம் கிடைத்ததா என்றும் கேட்பேன். முடிந்தால் பெரிய கொந்தராத்துக்காரரே நேரடியாக எனக்குத் தருவதாக எழுத்தில் வாங்குவேன். ஒரு பில்லின் அளவுக்கு மேல் கடன் இல்லை.

போன மாதம் ஒருவர் அணைச்சுவருக்கு 200 மூடை கேட்டார். 40 கொடுத்தேன். முகம் கறுத்துத்தான் போனார். முதல் பில் வந்ததும் திரும்பி வந்து, மீதியைக் காசுக்கே எடுத்துப் போனார்.