தென்கொரியா: பணியிடத்தை எடைபோடும் இளம் ஊழியர்கள்

தென்கொரியாவின் இளம் ஊழியர்கள் தமது பணியிடங்களை எவ்வாறு மதிப்பிடுகிறார்கள் என்ற கேள்வி, 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஓர் அரசியல் விவகாரமாகவே உருவெடுத்தது.

அந்நாட்டில் வாரத்துக்கு 40 மணி நேர வேலையும், ஓவர்டைம் எனப்படும் மேலதிக வேலையாக 12 மணி நேரமும் சேர்த்து, 52 மணி நேரமே உச்சவரம்பு. 2018ஆம் ஆண்டு பெரிய நிறுவனங்களில் தொடங்கி இது படிப்படியாக நடைமுறைக்கு வந்தது.

வேலைப்பளு மிகுந்த வாரங்களில் 69 மணி நேரம் வரை வேலை வாங்க இடமளிக்கும் திட்டம் ஒன்றை, அப்போதைய அதிபர் யூன் சுக் இயோலின் அரசு முன்வைத்தது. மேலதிகமாக உழைத்த நேரத்தைச் சேமித்து, பின்னர் நீண்ட விடுமுறையாக எடுத்துக்கொள்ளலாம் என்பதால், இளைஞர்கள் இதனை வரவேற்பார்கள் என்று அரசு கருதியது.

ஆனால் கடும் எதிர்ப்பு அவர்களிடமிருந்தே எழுந்தது. மில்லேனியல் தலைமுறையையும் அதற்கு அடுத்த தலைமுறையையும் சேர்த்து அங்கு 'எம்இசட் தலைமுறை' என்று அழைக்கிறார்கள். இத்தலைமுறையினரின் தொழிற்சங்க அமைப்பும் திட்டத்தை நிராகரித்தது. அறிவிப்பு வெளியாகி சுமார் ஒரு வாரத்திலேயே, அதனை மறுபரிசீலனை செய்யுமாறு அதிபர் உத்தரவிட நேர்ந்தது.

விடுமுறை கிடைக்குமா?

திட்டத்தில் விடுமுறை இருந்தும் அவர்கள் எதிர்த்தது ஏன்? ஓராண்டு பணியாற்றியவருக்குச் சட்டப்படி 15 நாள் விடுமுறை உண்டு. அதையே முழுமையாக எடுக்க முடியாத அலுவலகங்களில், சேமித்த விடுமுறை மட்டும் எப்படிக் கிடைக்கும் என்பதே அவர்களது வாதம். மேலதிக வேலைக்கான ஊதியத்தை மாதச் சம்பளத்துக்குள்ளேயே அடக்கிவிடும் ஒப்பந்த முறையும் பரவலாக இருப்பதால், கூடுதல் உழைப்புக்குத் தனி ஊதியம் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை.

இந்த அவநம்பிக்கைக்குப் பின்னணி உண்டு. அதிகாரத்தில் இருப்பவர் கீழே உள்ளவரை இழிவாக நடத்துவதைக் குறிக்க, கொரிய மொழியில் 'கப்ஜில்' என்று தனிச்சொல்லே இருக்கிறது. பருப்பு பரிமாறிய விதம் பிடிக்கவில்லை என்று, கொரியன் ஏர் நிறுவனத் தலைவரின் மகள் 2014ஆம் ஆண்டு நியூயார்க்கில் விமானத்தையே திருப்பச் செய்த சம்பவம், இதற்கு உலகறிந்த உதாரணமானது. வேலை முடிந்த பின் மேலதிகாரியுடன் உண்டு குடிக்கும் 'ஹ்வேசிக்' கூட்டங்களையும், ஊதியமற்ற பணிநேரமாகவே இளையவர்கள் பலர் பார்க்கிறார்கள்.

சட்டமும் நடைமுறையும்

பணியிடத் துன்புறுத்தலைத் தடை செய்யும் சட்டவிதிகள் 2019ஆம் ஆண்டு ஜூலையில் அமலுக்கு வந்தன. புகார் கூறியவரைப் பழிவாங்கினால் 3 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்க முடியும். ஆயினும் ஐந்து பேருக்கும் குறைவானவர்கள் பணிபுரியும் நிறுவனங்களுக்கு, இந்த விதிகளோ 52 மணி நேர வரம்போ பொருந்தாமல் இருந்து வந்துள்ளன.

52 மணி நேர முறையின் அடிப்படை நீடிக்கும் என்று 2023ஆம் ஆண்டு நவம்பரில் அரசு அறிவித்தது. சட்டம் தரும் உரிமையை அச்சமின்றிக் கேட்டுப் பெற முடியுமா என்பதையே இளம் ஊழியர்கள் அளவுகோலாகக் கொள்கிறார்கள் என்பதை இவ்விவகாரம் உணர்த்துகிறது.