எல்லையோரக் கால்பந்து – 7: பஞ்சாலை குறித்த நேரம்

இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கும் ஆட்டம், குளிர்காலத்தில் கோபாலபுரத்துக்கு இரவு எட்டரை மணிக்கு வந்து சேர்கிறது. பொள்ளாச்சி – பாலக்காடு சாலையில் தமிழகமும் கேரளமும் சந்திக்கும் எல்லை ஊர் இது. அடுத்துள்ள சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கமெல்லாம் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. எட்டரை மணி என்றால் கடையடைத்து, சாப்பாடு முடிந்து, தூக்கம் வருவதற்கு முன்னான நேரம். ஸ்பெயினின் பெரிய ஆட்டங்கள் பல நள்ளிரவுக்குப் பிறகே தொடங்குகின்றன. ஆங்கிலக் கால்பந்துக்கு இங்கே இவ்வளவு ரசிகர்கள் சேர்ந்ததற்கு ஆட்டத்தின் வேகம், வீரர்களின் புகழ் என்று பல காரணங்கள் சொல்லப்படும். அவற்றுக்கெல்லாம் முன்னால் வைக்க வேண்டியது கடிகாரம்.

அந்தக் கடிகாரத்தில் மூன்று மணியைக் குறித்தவை லங்காஷயரின் பஞ்சாலைகள். 1850-ல் வந்த தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளில் பெண்களுக்கும் இளையோருக்கும் சனிக்கிழமை வேலை பிற்பகல் இரண்டு மணிக்குள் முடிய வேண்டும் என்றது. அவர்கள் இல்லாமல் தறிகள் ஓடாது. ஆகவே ஆண்களுக்கும் சங்கு அப்போதே ஊதியது. இரண்டு மணிக்கு ஆலையை விட்டு வந்தவர் மைதானத்துக்கு நடந்து போய்ச் சேர ஒரு மணி நேரம் போதும். மூன்று மணி ஆட்டம் அப்படித்தான் வழக்கமாயிற்று. 1888-ல் உலகின் முதல் கால்பந்து லீக் அமைந்தபோது அதில் இருந்த 12 கிளப்புகளில் ஆறு லங்காஷயரைச் சேர்ந்தவை: பிரஸ்டன், பிளாக்பர்ன், பர்ன்லி, போல்டன், அக்ரிங்டன், எவர்டன். லண்டனிலிருந்து ஒன்றுகூட இல்லை. ஸ்டேன்ஸ் மில் என்று மக்கள் அழைத்த கோவையின் முதல் பஞ்சாலை தொடங்கியதும் அதே 1888-ல்தான். பஞ்சாலைச் சங்கு கேட்டு வளர்ந்த கொங்கு வட்டாரத்துக்கு இந்த ஆட்டத்தின் பிறப்பிடம் அப்படியொன்றும் அந்நியமானதல்ல.

அந்த முதல் பருவத்தில் பிரஸ்டன் நார்த் எண்ட் 22 ஆட்டங்களிலும் தோற்கவில்லை. முதல்நிலை லீகில் அந்தச் சாதனை மறுபடி நிகழ 2003–04 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பருவத்தில் ஆர்சனல் 38 ஆட்டங்களில் 26-ஐ வென்று, 12-ஐச் சமன் செய்தது. அப்போது பள்ளியில் படித்த பலர் இன்றும் ஆர்சனல் பக்கம் நிற்பதில் வியப்பில்லை. ரசிகரின் வயதைக் கேட்டே கிளப்பை ஓரளவு ஊகித்துவிடலாம். 1999-ல் மான்செஸ்டர் யுனைடெட் மூன்று கோப்பைகளை ஒரே பருவத்தில் வென்றதைக் கண்டவர் எளிதில் வேறு பக்கம் போவதில்லை. 2005-ல் இஸ்தான்புல் இறுதியாட்டத்தில் மூன்று கோல் பின்தங்கியிருந்த லிவர்பூல் சமன் செய்து, பெனால்டியில் வென்று முடித்தபோது இங்கே பின்னிரவு மூன்று மணியை நெருங்கியிருந்தது. அதை விழித்திருந்து பார்த்தவர், லிவர்பூல் அடுத்த லீக் பட்டத்துக்காக 2020 வரை பொறுமையாக இருந்தார்.

மூன்று மணி ஆட்டத்துக்கு இன்னொரு சிறப்பு உண்டு. இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை எந்தக் கால்பந்தையும் தொலைக்காட்சியில் நேரலையாகக் காட்ட முடியாது. பர்ன்லியின் தலைவர் பாப் லார்ட் 1960-களில் இதற்காக வாதாடினார். பெரிய கிளப்பின் ஆட்டம் வீட்டிலேயே கிடைத்தால், சிறிய ஊர் மைதானங்களுக்கு யார் சீட்டு வாங்கி வருவார்கள் என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான், இங்கிலாந்தின் சிறிய கிளப்புகள் இன்றும் உயிரோடு இருப்பதில் அந்தத் தடைக்கும் பங்குண்டு. வெளிநாட்டு ஒளிபரப்பை அது கட்டுப்படுத்துவதில்லை. எனவே மான்செஸ்டரில் மைதானத்துக்குப் பக்கத்துத் தெருவில் வசிப்பவருக்கு வீட்டில் கிடைக்காத நேரலை, கோபாலபுரத்தில் கிடைக்கிறது.

மார்ச் கடைசி ஞாயிறன்று இங்கிலாந்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துவார்கள்; அக்டோபர் கடைசி ஞாயிறன்று பின்னே தள்ளுவார்கள். கோடையில் எட்டரை மணி ஆட்டம் ஏழரைக்கே வந்துவிடும். குளிர்காலச் சனிக்கிழமையில் முதல் ஆட்டம் மாலை ஆறு மணிக்கு, கடைசி ஆட்டம் இரவு பதினொன்றுக்கு. மூன்றையும் பார்ப்பவர் எழுந்திருக்கும்போது மணி ஒன்று.

லங்காஷயருக்கும் இந்தியாவுக்கும் உள்ள தொடர்பு பிளாக்பர்னில் தெளிவாகத் தெரியும். அந்நியத் துணிப் புறக்கணிப்பால் வேலையிழந்த தொழிலாளர்களைச் சந்திக்க, 1931-ல் காந்தி அதன் அருகிலுள்ள டார்வென் ஊருக்குச் சென்றார். 1994–95-ல் பிரீமியர் லீக் பட்டம் வென்ற பிளாக்பர்ன் ரோவர்ஸ் கிளப்பை, 2010 நவம்பரில் புனேயின் வெங்கீஸ் குழுமம் வாங்கியது. பல்லடம், உடுமலை வட்டாரக் கோழிப்பண்ணைக்காரர்களுக்கு அறிமுகமான பெயர் அது. வாங்கிய பிறகு கிளப் 2012-ல் பிரீமியர் லீகிலிருந்து இறங்கியது. 2017-ல் மூன்றாம் நிலைக்கும் போய், மறு ஆண்டே இரண்டாம் நிலைக்குத் திரும்பியது.

2014-ல் இந்தியன் சூப்பர் லீக் வந்தபின் தொலைக்காட்சியில் கண்ட முகங்கள் நேரிலேயே வந்தன. கேரளா பிளாஸ்டர்ஸின் முதல் கோல்கீப்பரும் பயிற்சியாளரும் இங்கிலாந்தின் டேவிட் ஜேம்ஸ். பழைய யுனைடெட் வீரர் ஸ்டீவ் கொப்பல் 2016-ல் அணியை இறுதியாட்டம் வரை கொண்டுபோனார். அடுத்த பருவத்தில் பெர்பட்டோவும் வெஸ் பிரவுனும் மஞ்சள் சட்டையில் கொச்சியில் ஆடினார்கள். சென்னையின் எஃப்.சி.க்கு, ஆஸ்டன் வில்லாவில் பயிற்சியாளராக இருந்த ஜான் கிரிகரி 2017–18 பட்டத்தை வாங்கித் தந்தார். எல்லையோரத் தமிழருக்கு 2014 அரையிறுதிதான் கடினமான சோதனை: மொழி சென்னையோடு, மாநிலம் கேரளத்தோடு. கொச்சியில் கேரளா 3–0 வென்றது. சென்னையில் சென்னை மூன்று கோல்களையும் திருப்பி அடித்தது. கூடுதல் நேரத்தில், ஒருகாலத்தில் டெர்பி கவுண்டிக்கு ஆடிய ஸ்டீபன் பியர்சன் போட்ட கோலால் கேரளா இறுதிக்குச் சென்றது.

எதிர்த்திசையில் போன தமிழ்ப் பெயரும் ஒன்று உண்டு. ஈழத்தமிழ்ப் பெற்றோருக்கு வேல்ஸில் பிறந்த விமல் யோகநாதன், லிவர்பூல் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்து பார்ன்ஸ்லியில் சேர்ந்தார். 2024 ஆகஸ்டில், லீக் கோப்பையில் விகனுக்கு எதிராக முதல் அணிக்குக் களமிறங்கினார். ஆங்கிலத் தொழில்முறைக் கால்பந்தில் ஆடிய முதல் தமிழர் என்று அவர் அறியப்படுகிறார். ஆடுமிடம் நடுக்களம், வேல்ஸின் இளையோர் அணிகளுக்கும் ஆடியிருக்கிறார்.